அச்சுவேலிப் பட்டறையும் ஒரு முதுமாணி விண்ணப்பமும்

மாதத்தில் இரண்டு தடவையாவது நான் அச்சுவேலிக்குப் போவதுண்டு. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறினால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர் என்று செம்மண் தோட்டங்களையும் வாழைத் தோட்டங்களையும் கடந்து பஸ் போகும். அங்குள்ள சில சிறிய பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது எனது தொழில்.

அச்சுவேலி என்றதும் வியாபாரிகளுக்கு ஞாபகம் வருவது அங்குள்ள கைத்தொழிற்பேட்டைதான். 1970களில் ஆரம்பிக்கப்பட்டு, யுத்த காலத்தில் செயலிழந்து, இந்திய அரசாங்கத்தின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்ட பேட்டை அது. பேட்டைக்கு வெளியேயும் வீதியோரங்களில் இரும்புப் பட்டறைகளும் கடைசல் பட்டறைகளும் இருக்கின்றன. அப்படியான ஒரு பட்டறையில்தான் என் தங்கச்சியின் மகன் கணக்காளராக வேலை செய்கிறான்.

இந்தப் பகுதியில் வழமையாக விலை, வரி, வங்கி என்று எழுதுவேன். இம்முறை அவனது விண்ணப்பம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். வியாபாரப் பக்கத்தில் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்கவேண்டாம். ஒரு குடும்பம் கையிலிருக்கும் நகையை அடகு வைத்துச் செய்யும் எந்தக் காரியமும் முதலீடுதான். முதலீடு என்றால் அது இந்தப் பக்கத்துக்குரிய விடயம்.

கைமாறிய காப்பு

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்ட பின்னர், புத்தளத்தில் பிறந்த பிள்ளை அவன். ஊருக்குத் திரும்பி வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் பெற்றான். பொதுக் கொள்கையில் முதுமாணி படிக்கவேண்டும் என்பது அவனது ஆசை. முதல் தடவை என்னிடம் சொல்லாமலே விண்ணப்பித்தான். உம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடகுக்குப் போனது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஆங்கிலப் பரீட்சைக்கும், மற்றப் பகுதி ‘கட்டுரை எழுதித் தருகிறோம், இடம் நிச்சயம்’ என்று சொன்ன ஒரு முகவருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் பட்டறைக்குப் போனபோது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்த நான்கு வரிக் கடிதம். “வேணாண்டு சொல்லிட்டாங்க மாமா. உம்மாக்கு இன்னும் சொல்லல்ல” என்றான்.

அன்றிரவு அவனது விண்ணப்பத்தை வாங்கி வாசித்தேன். எனக்குப் பொதுக் கொள்கை தெரியாது. ஆனால் இருபது வருடமாக வங்கிக் கடன் விண்ணப்பங்களைத் தயாரித்துக் கொடுத்தவன் நான். எந்தக் கோவை மனேஜரின் மேசையில் நிற்கும், எது திரும்பி வரும் என்பது ஓரளவு தெரியும். அவனுடையது திரும்பி வரும் வகையைச் சேர்ந்தது.

முகவர் எழுதிய கட்டுரையில் வெளியேற்றம் இருந்தது, வறுமை இருந்தது, ‘எனது சமூகத்துக்குச் சேவை செய்யவேண்டும்’ என்ற வசனம் மூன்று இடத்தில் இருந்தது. அச்சுவேலி என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை. பட்டறையில் அவன் செய்த வேலைக்கு ஒரே ஒரு வரி. வேறொருவரின் பெயரைப் போட்டாலும் பொருந்தக்கூடிய கட்டுரை அது.

பொதுக் கொள்கை என்பது என்ன?

அரசாங்கம் ஒரு விடயத்தில் என்ன செய்வது, யாருக்குச் செய்வது, எந்தப் பணத்தில் செய்வது என்று எடுக்கும் தீர்மானம்தான் பொதுக் கொள்கை. அதை ஆராய்வதற்குப் பொருளியல், புள்ளிவிபரவியல், அரச நிதி, நிர்வாகம், கொஞ்சம் அரசியல் எல்லாம் தேவை. இவற்றை ஒன்றாகக் கற்பிப்பதுதான் இந்த முதுமாணிப் படிப்பு.

இது வியாபாரிக்குத் தொலைவான விடயமல்ல. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்யும் தீர்மானம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் அது கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் தோட்டக்காரரும், உரக்கடைக்காரரும், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும் பட்ட பாட்டை வலிகாமத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விளைச்சல் எவ்வளவு குறையும், மாற்றுப் பசளை எவ்வளவு கிடைக்கும் என்ற கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பதுதான் கொள்கை ஆய்வாளரின் வேலை.

எங்கள் சமூகம் நேரில் கண்ட உதாரணமும் உண்டு. யுத்தம் முடிந்தபின் இடம்பெயர்ந்தோரைப் ‘பழையவர்’, ‘புதியவர்’ என்று பிரித்தார்கள். 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் பழையவர். மீள்குடியேற்ற உதவியில் முன்னுரிமை புதியவருக்குப் போனது. பதினெட்டு வருடம் முகாமில் இருந்த குடும்பங்கள் ஒரு திகதியின் காரணமாகப் பின்வரிசைக்குப் போயின. அந்தத் திகதியைத் தீர்மானித்த மேசையில் கணக்கோடு பேசுவதற்கு எங்களில் எத்தனை பேர் இருந்தோம்?

இந்தப் படிப்புக்கென்று உலகில் பெயர்பெற்ற கல்லூரிகள் சில இருக்கின்றன. ஹார்வர்டில் 1936இல் ஆரம்பிக்கப்பட்டு இன்று கென்னடி பாடசாலை என அழைக்கப்படுவது, சிங்கப்பூரில் 2004இல் தொடங்கிய லீ குவான் யூ பாடசாலை, ஒக்ஸ்போர்டில் 2010இல் நிறுவப்பட்ட பிளவட்னிக் பாடசாலை, ஜப்பானில் கிரிப்ஸ், கொரியாவில் கே.டி.ஐ. என்பன அவற்றுட் சில. இந்தியாவில் பெங்களூர் தேசிய சட்டப் பாடசாலையும் 2014 முதல் இதனைக் கற்பிக்கிறது. 2023இல் சிங்கப்பூரின் ஜனாதிபதியாகத் தெரிவான, இலங்கைத் தமிழ் வம்சாவளியினரான தர்மன் சண்முகரத்தினம் இந்தக் கென்னடி பாடசாலையில் பொது நிர்வாக முதுமாணி பெற்றவர். அங்கு போகும்போது அவர் வெறும் பட்டதாரியாகப் போகவில்லை. சிங்கப்பூர் நாணய அதிகாரசபையில் வேலை செய்த அனுபவத்தோடு போனார். இந்த இடத்தைக் கவனியுங்கள். மற்றப் படிப்புகளைவிட இதில் ‘நீ இதுவரை என்ன செய்தாய்’ என்ற கேள்வி பெரிது.

மனேஜர் கேட்கும் கேள்விகள்

மறுநாள் மருமகனை உட்காரவைத்து, ஒரு கடன் விண்ணப்பத்தைப் பார்ப்பதுபோல் அவனுடையதைப் பார்த்தோம். எந்த வங்கி மனேஜரும் கேட்பது சில கேள்விகள்தான். எதற்காகப் பணம்? இதுவரை என்ன தொழில் செய்தாய்? கணக்கு ஒழுங்காக இருக்கிறதா? யார் பிணை நிற்கிறார்? எப்படித் திருப்பித் தருவாய்? ஏன் எங்கள் வங்கிக்கு வந்தாய்? கல்லூரியும் இவற்றைத்தான் வேறு வார்த்தையில் கேட்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எதற்காக?

‘வியாபாரத்தை விருத்தி செய்ய’ என்று எழுதினால் கடன் கிடைக்காது. ‘இரண்டாவது கடைசல் இயந்திரம் வாங்க’ என்று எழுதவேண்டும். அதுபோல ‘சமூகத்துக்குச் சேவை செய்ய’ என்பது நோக்கமல்ல. ஒரு குறிப்பிட்ட பிரச்சினை வேண்டும்.

“உன் கண்முன்னே இருக்கும் பிரச்சினை எது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தனது முதலாளியின் கதையைச் சொன்னான். அவருக்கு இரண்டாவது இயந்திரம் வாங்கக் கடன் தேவைப்பட்டது. வேலை இருந்தது, கணக்கும் இருந்தது. ஆனால் வங்கி காணி உறுதி கேட்டது. வீட்டுக் காணியின் உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோனது. பட்டறையில் இருந்த இயந்திரத்தின் பெறுமதி கேட்ட கடனைவிடக் கூட, ஆனால் அதைப் பிணையாக ஏற்கவில்லை. பேட்டைக்கு உள்ளே இருப்பவர்களுக்கோ காணி குத்தகைக்கு வந்தது, ஈடுவைக்கச் சொந்தக் காணி அல்ல.

“இதைவிட என்ன கொள்கைப் பிரச்சினை வேண்டும்?” என்றேன். தேடிப் பார்த்தான். இயந்திரம், சரக்கு போன்ற அசையும் சொத்தைப் பிணைவைப்பதற்கென 2009ஆம் ஆண்டிலேயே 49ஆம் இலக்கச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. யுத்தத்தால் தங்கள் காணிக்கு வரமுடியாமல் இருந்தவர்களின் உரிமை, ஆட்சிக் காலம் கடந்ததால் இழந்துபோகாமல் பாதுகாக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சிறு தொழிலுக்கான கடனுக்கு உத்தரவாதம் வழங்கத் தேசிய கொடுகடன் உத்தரவாத நிறுவனமும் அண்மைக் காலத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. கொழும்பில் சட்டமும் நிறுவனமும் இருக்க, அச்சுவேலியில் உறுதிதான் கேட்கப்படுகிறது. இடையில் எங்கே அறுந்தது? அவனுக்கு ஒரு கேள்வி கிடைத்தது. முகவருக்குப் பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்று அது.

தொலைந்த உறுதி என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதைத்தான் அவனுக்கும் சொன்னேன். வெளியேற்றத்தைப் பற்றி எழுதாதே என்று நான் சொல்லவில்லை. பட்ட துயரத்துக்காக யாரும் இடம் தரமாட்டார்கள். அந்தத் துயரத்தில் இருந்து எந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தாய், அதற்கு என்ன செய்தாய் என்பதற்குத்தான் தருவார்கள். புதிய கட்டுரையில் 1990க்கு இரண்டு வசனம் மட்டுமே இருந்தது. ஆனால் அந்த இரண்டு வசனமும் உறுதி தொலைந்ததைப் பற்றியதால், மீதிக் கட்டுரை முழுவதையும் அவை தாங்கின.

2. இதுவரை என்ன செய்தாய்?

கேள்வி இருந்தால் போதாது. அதற்காக ஓர் அடியாவது நடந்திருக்கவேண்டும். அடுத்த எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மருமகன் சைக்கிளில் அச்சுவேலி, ஆவரங்கால், புத்தூர் பக்கமாகப் பட்டறை பட்டறையாகப் போனான். ஒரே மாதிரியான பத்துக் கேள்விகளை முப்பது வரையான பட்டறைகளில் கேட்டு எழுதினான். கடன் கேட்டீர்களா, என்ன பிணை கேட்டார்கள், உறுதி இருக்கிறதா, இயந்திரத்தின் பெறுமதி என்ன என்பது போன்ற கேள்விகள். சிலர் வருமான வரித் திணைக்களத்து ஆள் என்று நினைத்து விரட்டினார்கள். சிலர் தேத்தண்ணி கொடுத்து இரண்டு மணி நேரம் பேசினார்கள். அவன் கண்டதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. அது அவனது கட்டுரை, அவனே வெளியிடட்டும்.

இந்த வேலைக்குப் பணம் தேவையில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தப் பிரஜையும் பிரதேச செயலகத்திலோ, பிரதேச சபையிலோ, திணைக்களத்திலோ தகவல் அதிகாரிக்கு எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைச் சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கு மேல் ஆணைக்குழு உண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளும், மத்திய வங்கியின் வருடாந்த வெளியீடுகளும், கொழும்பிலுள்ள கொள்கை ஆய்வுகள் நிறுவனத்தின் அறிக்கைகளும் இணையத்தில் இலவசம். ஊரில் கேட்டதையும் நாட்டின் புள்ளிவிபரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினால், அதுவே ஒரு சிறந்த கொள்கைக் குறிப்பு. சில கல்லூரிகள் விண்ணப்பத்தோடு இப்படியான ஒன்றை எழுதச் சொல்கின்றன.

பட்டறை வேலையையும் அவன் சரியாக எழுதியிருக்கவில்லை. ‘கணக்குப் பதிவுகளைப் பேணினேன்’ என்றுதான் இருந்தது. உண்மையில் என்ன நடந்தது? வெட்டி மிஞ்சும் இரும்புத் துண்டுகள் நிறுக்காமலே பழைய இரும்புக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தன. இவன் ஒரு தராசும் ஒரு கொப்பியும் வைத்தான். மாத முடிவில் முதலாளி கண்ட தொகை அவரையே திகைக்க வைத்தது. ஒரு குறையைக் கண்டது, அளந்தது, மாற்றியது, பலனைக் கணக்கிட்டது என்ற நான்கும் அதில் இருக்கின்றன. கொள்கை ஆய்வும் இந்த நான்கு படிதான். ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கொப்பி இல்லை.

3. கணக்கு ஒழுங்கா?

இது பலரும் மறைக்கப் பார்க்கும் இடம். மருமகனுக்குப் புள்ளிவிபரவியலில் பெறுபேறு குறைவு. பொதுக் கொள்கைப் படிப்பில் பொருளியலும் புள்ளிவிபரவியலும் முதல் வருடத்திலேயே வரும். இந்தப் பிள்ளை தாங்குவானா என்று கல்லூரி பார்க்கும். கென்னடி பாடசாலையின் சர்வதேச அபிவிருத்தி முதுமாணிக்கு நுண்பொருளியல், பேரினப் பொருளியல், பல்மாறி நுண்கணிதம் ஆகியவற்றைப் பல்கலைக்கழக மட்டத்தில் படித்திருக்கவேண்டும் என்றே கேட்கிறார்கள். எல்லா இடத்திலும் அவ்வளவு இல்லை. ஆனாலும் கணக்கில் பலவீனம் இருந்தால் அதைச் சரிசெய்ததற்குப் புதிய சான்று வேண்டும்.

அதற்கு வழிகள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம், கொள்கை வகுப்பதற்கான தரவும் பொருளியலும் பற்றிய பாடத்தொடர் ஒன்றை இணையத்தில் நடத்துகிறது. 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அதில் கற்பிக்கிறார்கள். பாடங்களைப் பார்த்துப் படிக்கப் பணம் தேவையில்லை. சான்றிதழ் வேண்டுமானால்தான் கட்டணம், அதுவும் வருமானத்துக்கு ஏற்றபடி. இதில் மருமகன் ஒரு பாடம் சித்தியடைந்தான். இரவில் பட்டறைக் கணக்கை முடித்துவிட்டு, விட்டுவிட்டு வரும் இணைய இணைப்போடு படித்தான்.

ஜி.ஆர்.ஈ. பரீட்சையைச் சில கல்லூரிகள் கட்டாயமாகக் கேட்கின்றன, சில விருப்பத்துக்கு விடுகின்றன. 200 டொலருக்கு மேல் கட்டணம். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் அது எங்கள் குடும்பங்களுக்குச் சின்னத் தொகையல்ல. ஆகவே எந்தக் கல்லூரி கேட்கிறது என்று முதலில் பாருங்கள். கேட்காவிட்டாலும், கணிதத்தில் பெறுபேறு குறைந்தவருக்கு அந்தப் புள்ளி உதவும். ஜி.ஆர்.ஈ. புள்ளி ஐந்து வருடமும், ஐ.ஈ.எல்.டி.எஸ். இரண்டு வருடமும் செல்லுபடியாகும். அவசரப்பட்டு முதலிலேயே ஆங்கிலப் பரீட்சை எழுதி, விண்ணப்பிக்கும்போது காலாவதியாகிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

4. யார் பிணை?

முதல் தடவை ஒரு பெரிய மனிதரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கியிருந்தான். கடிதத்தாள் அழகு. உள்ளே ‘இவர் நற்குணம் உடையவர், நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவர்’ என்று இருந்தது. கடனுக்குப் பிணை நிற்பவர் கடன்காரனின் கடையை ஒருநாளாவது பார்த்திருக்கவேண்டும். இந்தப் பெரியவருக்கு என் மருமகன் எங்கே வேலை செய்கிறான் என்பதே தெரியாது.

இரண்டாவது தடவை பட்டப்படிப்பில் ஆய்வுக்கட்டுரையை மேற்பார்த்த விரிவுரையாளரிடம் போனான். தான் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பையும் கொண்டுபோனான். அவர் வாசித்துச் சில பிழைகளைச் சுட்டிக்காட்டினார். திருத்திக்கொண்டு மறுபடியும் போனான். இப்போது அவருக்கு எழுத ஒரு விடயம் இருந்தது. விமர்சனத்தை இவன் எப்படி ஏற்றுக்கொண்டான் என்பதையும் அவர் எழுதினார்.

மற்றக் கடிதத்தை யாரிடம் கேட்பது? “உன் முதலாளியிடம் கேள்” என்றேன். “அவருக்கு இங்கிலிஷ் தெரியாது மாமா” என்றான். தமிழில் எழுதட்டும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்கலாம் என்றேன். அந்த அச்சுவேலி மனிதர் இரண்டு நாள் யோசித்து ஒரு பக்கம் எழுதினார். தராசையும் கொப்பியையும் பற்றி எழுதினார். ‘இந்தத் தம்பி வந்தபிறகுதான் எனது தொழிலில் எனக்கு என்ன மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரிந்தது’ என்று முடித்திருந்தார். நான் பார்த்த சிபாரிசுக் கடிதங்களில் அதற்கு மேலான ஒன்றில்லை.

கடிதம் எழுதுபவருக்கு ஆறு வாரமாவது அவகாசம் கொடுங்கள். கடைசி நாள், கல்லூரியின் பெயர், உங்கள் கட்டுரையின் பிரதி மூன்றையும் கையில் கொடுங்கள்.

5. எப்படித் திருப்பித் தருவாய்?

படித்து முடித்து என்ன செய்வாய் என்பதே இந்தக் கேள்வி. இதற்கு ஒரு பதவியின் பெயரைச் சொல்வதைவிட, எந்த அலுவலகத்தில் எந்த வேலை என்று சொல்வது நல்லது. ‘அமைச்சராவேன்’ என்று எழுதியவர்களும் உண்டு. சிறு தொழிற் கடன் பற்றி ஆராயும் நிறுவனத்திலோ, அபிவிருத்தி வங்கியிலோ, மாகாண சபையின் திட்டமிடல் பிரிவிலோ வேலை செய்ய விரும்புவதாக மருமகன் எழுதினான்.

புலமைப்பரிசில் தருபவர்கள் இதை எழுத்திலேயே கேட்கிறார்கள். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசில் பெற்றவர் படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்கவேண்டும். விண்ணப்பிக்க 2,800 மணி நேர வேலை அனுபவமும் தேவை. ஆசிய அபிவிருத்தி வங்கியும் ஜப்பானும் சேர்ந்து 1988 முதல் வழங்கிவரும் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட அனுபவம் வேண்டும், முடிந்தபின் நாடு திரும்பவேண்டும். உலக வங்கியோடு சேர்ந்து ஜப்பான் வழங்குவதற்கு மூன்று வருட அனுபவம். அமெரிக்காவுக்குப் போக விரும்புவோர் கொழும்பில் 1952 முதல் இயங்கும் புல்பிரைட் ஆணைக்குழுவை நாடலாம். நிபந்தனைகள் வருடத்துக்கு வருடம் மாறலாம், ஆகவே அவரவர் தளத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற கையோடு விண்ணப்பிப்பவர்களைவிட, ஊரில் இரண்டு மூன்று வருடம் வேலை செய்தவருக்கே இந்தக் கதவுகள் திறக்கின்றன என்பது இதிலிருந்து தெரியும். வேலை செய்யும் காலம் வீணாகப் போகும் காலமல்ல.

6. ஏன் எங்களிடம்?

முகவர் ஒரே கட்டுரையை ஐந்து கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். ஓர் இடத்தில் கல்லூரியின் பெயரைக்கூட மாற்ற மறந்துவிட்டார். ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பலம் உண்டு. சில இடங்களில் கணிதம் கூட, சில இடங்களில் நிர்வாகம் கூட. ஒருவருடப் படிப்பும் உண்டு, இரண்டு வருடப் படிப்பும் உண்டு. உங்கள் கேள்விக்கு எந்தப் பாடம், எந்தப் பேராசிரியரின் ஆய்வு உதவும் என்று பார்த்து எழுதவேண்டும். மருமகன் ஐந்தை மூன்றாகக் குறைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி தனியாக எழுதினான்.

இன்றைக்குக் கணினியே கட்டுரை எழுதித் தருகிறது. முகவருக்குக் கொடுத்த பணமாவது மிச்சம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் முகவர் எழுதியதில் இருந்த குறைதான் அதிலும் இருக்கும். எல்லோருடையதும் ஒரேமாதிரி. உங்கள் ஊரின் தராசும் கொப்பியும் அதற்குத் தெரியாது.

பணம் என்ற தனிக் கதவு

இடம் கிடைப்பது ஒரு கதவு, பணம் கிடைப்பது இன்னொரு கதவு. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு, கடைசி நாள் வேறு. பலரும் இடம் கிடைத்தபின் பணத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் புலமைப்பரிசில் கதவு மூடியிருக்கும். ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போட்டு இரண்டு திகதிகளையும் எழுதிவையுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்டு எழுதலாம், பல கல்லூரிகள் இணங்குகின்றன. பல்கலைக்கழகத்திலிருந்து பெறுபேற்று ஆவணம் எடுக்கவே வாரங்கள் போகும், அதையும் கணக்கில் சேருங்கள்.

இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி 1980களில் இருந்து, உறுப்பு நாடுகளல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்கிய முறையை இங்கு சொல்லவேண்டும். மாணவனுக்கு அது வட்டியில்லாக் கடன், சமூகத்துக்கு அது நன்கொடை. படித்தவன் உழைத்துத் திருப்பிக் கொடுப்பது அடுத்த மாணவனுக்குப் போகும். எங்கள் ஊர்களில் உள்ள வர்த்தக சங்கங்களும் நலன்புரிச் சங்கங்களும் இதே முறையில் சிறிய அளவில் செய்ய முடியாதா? முழுப் படிப்புக்கும் கொடுக்கத் தேவையில்லை. பரீட்சைக் கட்டணம், மொழிபெயர்ப்பு, ஆவணச் செலவு ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு சுழற்சி நிதி போதும். ஒரு தாயின் காப்பு அடகுக்குப் போகாமல் இருக்கும்.

இன்றைய நிலை

மருமகன் இரண்டாவது தடவை மூன்று கல்லூரிக்கு விண்ணப்பித்தான். ஒன்று மறுத்தது. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் போட்டது. ஒன்று இடம் தந்தது, ஆனால் புலமைப்பரிசில் தரவில்லை. வீட்டில் வாக்குவாதம் நடந்தது. காணியை விற்றாவது அனுப்புவோம் என்றாள் தங்கச்சி. பதினெட்டு இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து, அலைந்து திரிந்து உறுதி எடுத்த காணி அது. கடைசியில் வேண்டாம் என்று சொன்னது அவன்தான். உறுதியில்லாதவர்களைப் பற்றி எழுதிவிட்டு, இருக்கும் உறுதியை விற்றுப் படிக்கப் போகமாட்டேன் என்றான். இடத்தை ஒரு வருடம் ஒத்திவைக்க முடியுமா என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டான், சம்மதித்தார்கள். இப்போது புலமைப்பரிசில் விண்ணப்பங்களை எழுதிக்கொண்டிருக்கிறான். கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இம்முறை கோவையில் இருப்பது அவனுடைய சொந்தக் கணக்கு. காப்பு சென்ற மாதம் அவனது சம்பளத்தில் மீட்கப்பட்டுவிட்டது.

போன கிழமை பட்டறைக்குப் போனபோது முதலாளி ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மருமகன் தயாரித்த அட்டவணையில் தனது பட்டறைக்குரிய வரியை மட்டும் பிரதி எடுத்து வைத்திருக்கிறார். இயந்திரத்தின் பெறுமதி, மாத வருமானம், மிச்சம் எல்லாம் அதில் இருந்தது. “நானா, இதைக் கொண்டுபோய் வங்கியிலை இன்னொருக்கால் கேட்டுப் பாக்கப் போறன்” என்றார். “கேளுங்கோ அண்ணை” என்றேன்.